வாலில் பல் தடம்

கோவில்பட்டி
18.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி பிச்சையா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். நீ, மச்சான், ப்ரியா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கழுத்து வலி குறைந்ததா? பனியன் கம்பெனி செக்கிங்கில் நாள் முழுக்கக் குனிந்து துணியில் ஓட்டை தேடினால் எந்தக் கழுத்துதான் தாங்கும். இங்கே மழை இல்லை. கரிசல் வெடித்துக் கிடக்கிறது என்று ரயிலில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அது கைத்தடியில் தெரிகிறது. ஸ்டேஷனுக்குக் குறுக்கே போனால் தடியின் நுனி வெடிப்பில் மாட்டிக்கொள்கிறது.

நல்ல சேதி இரண்டு இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ரயிலில் மிட்டாய் விற்கப் போகாமல் கயத்தாறு போனேன். கடற்கரை அண்ணாச்சியின் பழைய சாமான் கடையில் அரைக்கப் போக வேண்டிய பிளாஸ்டிக் ஒரு சாக்கு கிடந்தது. "ஏ, பூத ஆஸ்பத்திரி டாக்டர் வந்துட்டாருடா, வழி விடுங்க" என்றார். இரண்டு மணி நேரம் சாக்குக்குள் கையை விட்டுத் துழாவினேன். வாளிக் கைப்பிடி, செருப்பு, செருப்பு, குழாய். கடைசியில் ஒரு பூத பொம்மையின் கால். முழங்காலைத் திருப்பினேன், இறுக்கமாகத் திரும்பியது. அப்படியென்றால் பழசு. இப்போது வருகிற பொம்மைகளில் மூட்டே கிடையாது. முதுகில் முள், நெற்றியில் மூன்று கொம்பு, வாயை விரல் நுழைகிற அளவுக்குத் திறந்திருக்கிறான். பாதத்தின் அடியில் அழுக்கை நகத்தால் சுரண்டிவிட்டுத் தடவினேன். ஹாங்காங் என்று புடைத்திருந்தது. அண்ணாச்சி கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு "இங்கன எழுத்தே இல்லவே" என்கிறார். எனக்கு இருக்கிறது, அவருக்கு இல்லை. இவனோடு என் பூதங்கள் நாற்பத்தொன்று.

இரண்டாவது சேதி. நம் அப்பா குச்சியை மருந்தில் முக்கி எடுத்த தீப்பெட்டி ஆபீஸ் குடும்பம் இப்போது பைபாஸ் பக்கம் பள்ளிக்கூடம் நடத்துகிறது. பெரிய முதலாளி செத்துப்போனார். மகன் மணிகண்டபிரபுதான் தாளாளர். பிப்ரவரியில் ஆண்டு விழா. என் பொம்மைகளைக் கண்காட்சியாக வைக்கக் கேட்டார்கள். சரி என்றேன். எட்டு வயதில் நான் தூக்கிப்போன தீக்குச்சிக் கட்டை தீப்பற்றி என் கண்ணைத் தின்றது அந்த ஆபீஸில்தான், மறக்கவில்லை. ஆனால் அக்கா, இத்தனை வருஷத்தில் என் பொம்மைகளைப் பார்க்க என்று யாரும் என் வீட்டுக்கு வந்ததில்லை.

ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு அட்டை வைக்க வேண்டுமாம். எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது. பக்கத்து வீட்டு வினோலியா டீச்சர் எழுதித் தருகிறார். நாற்பது முடிந்தது. ஒன்றாம் எண் பாக்கி. நான் ஆஸ்பத்திரியில் கட்டோடு கிடந்தபோது கைக்கு வந்த மூத்தவன். அப்பா மதுரைப் பொருட்காட்சியில் புதுசாக வாங்கியது என்று அம்மா சொல்லும். ஆனால் அவன் வாலில் வரிசையாகப் பல் தடம் இருக்கிறது. சின்னப் பிள்ளையின் பல். புதுப் பொம்மையில் அது எப்படி வந்தது? அப்போது உனக்குப் பதினொரு வயசு. ஞாபகம் இருக்கும். எழுது.

நீயும் வா. அம்மா காரியத்துக்கு வந்துவிட்டுப் போனவள், ஆறு வருஷம் ஆகிறது. திருப்பூரில் ஏறினால் ஒரே வண்டி, மாறக்கூட வேண்டாம்.

போனில் பேசினால் நீ சீக்கிரம் வைத்துவிடுகிறாய். செய்தி அனுப்பினால் என் போன் அதைத் தெருவுக்கே கேட்கும்படி படிக்கிறது. இந்தப் பிரெயில் புள்ளிகள்தான் நம் இருவருக்கு மட்டும். பிரெயில் கடிதத்துக்குத் தபாலில் ஸ்டாம்ப் கூட வேண்டாம். பார்வையற்றோர் பள்ளி லீவில் வந்து உனக்கு நான் பிரெயில் சொல்லிக்கொடுத்தேன். விரலால் படி என்றால் கேட்காமல் கண்ணால் பார்த்தே படித்தாய். இன்னும் அப்படித்தானே?

ப்ரியாவுக்கு என் முத்தம்.

தம்பி,
பிச்சையா


திருப்பூர்
06.09.2024

பாசமுள்ள தம்பிக்கு,

அக்கா வெயிலுகந்தம்மாள் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மிட்டாய் விற்றுவிட்டு வந்து மிட்டாயையே தின்று படுக்காதே. என் கழுத்துக்குப் பட்டை போட்டிருக்கிறேன். கண்ணாடியும் மாற்றியாகிவிட்டது. ப்ரியா ஆறாவது போகிறாள். போன வாரம் பதினொன்று முடிந்தது. வாய் நீளம். என் சேலையைக் கட்டிப் பார்த்துவிட்டு மடிக்காமல் போடுகிறாள்.

உனக்காக ஒரு பொம்மை அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் கிடைத்தது. பச்சை உடம்பு, மஞ்சள் வயிறு, சிவப்புக் கண். ரொம்ப அழகு.

விழாவுக்கு வரப் பார்க்கிறேன். பிப்ரவரியில் ஷிப்மெண்ட் நெருக்கடி இருக்கும். லீவு சொல்ல முடியாது.

மூத்தவன் அப்பா வாங்கியதுதான். எனக்கும் அப்படித்தான் ஞாபகம். பல் தடம் நீ கடித்ததாக இருக்கும். அதை மட்டும் அங்கே கொண்டுபோகாதே. பழசு. பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள். நாற்பது போதாதா?

வெயிலில் அலையாதே.

அக்கா


கோவில்பட்டி
15.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் சுகம் அறிந்தேன். பொம்மை வந்தது. தாங்க்ஸ். ஆனால் நீ சொன்ன சிவப்புக் கண் நகச்சாயம். மோந்து பார்த்தால் தெரியாதா? இடது கையை ஒட்டியிருக்கிறாய், பசை விரலில் தட்டுகிறது. கையைத் திருப்பவே முடியவில்லை. உடைந்தே அனுப்பு அக்கா. என்னிடம் வருகிற எல்லாம் உடைந்ததுதான். உடைந்த இடத்தைத் தொட்டால்தான் எனக்கு அவன் யார் என்று தெரியும்.

கடித்தது நான் இல்லை. எட்டு வயதுப் பையன் பொம்மை வாலைச் சப்பிக்கொண்டு கிடப்பானா? அது பால் பல். என் சுண்டுவிரல் நகம் அளவு.

பொம்மை சேகரிக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன் இல்லையா, அங்கே கேட்டுப் பார்த்தேன். அவர்கள் நாள் முழுக்கப் படம் போடுவார்கள். "கொம்பு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, யாராவது சொல்லுங்கள்" என்று கேட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று வரும். அவ்வளவுதான். மூத்தவனை வினோலியா டீச்சரிடம் படம் எடுக்கச் சொல்லிப் போட்டேன். ஒருவர் மட்டும் பதில் சொன்னார். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் போய்வந்த வீட்டில்தான் இது இருந்திருக்கும், பொருட்காட்சியில் கிடைத்திருக்காது என்று. நம் வீட்டில் யார் வெளிநாடு போனது?

இன்னொன்று. உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். லேபர் ஆபீஸில் என் விபத்து ஃபைலைக் கேட்டு மனுப் போட்டு ஒன்பது மாதம் அலைந்தேன். நகல் வந்தது. டீச்சர் படித்தார். "சிறுவன் தன் வீட்டில் தீபாவளி வெடி வெடித்தபோது காயமடைந்ததாக விசாரணையில் தெரியவந்தது." ஒரே வரி. யார் சொன்னது என்று இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் பேரே இல்லை. இருபத்தாறு வருஷம் அந்த ஒரு வரி என் தலை மேல் உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்குத் தீப்பெட்டி ஆபீஸில் முப்பது பிள்ளைகள் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தோம். விடியுமுன் வேன் வந்து அள்ளிப்போகும். அத்தனை பேருக்கும் வாய் இருந்தது. எந்த நாய் அந்தப் பொய்யைச் சொன்னதோ, அது இன்றைக்கு நல்ல கண்ணோடு எங்கேயோ சோறு தின்றுகொண்டிருக்கும்.

நீயும் அன்றைக்கு அங்கேதான் இருந்தாய். யார் என்று தெரிந்தால் எழுது. மூத்தவன் கதையையும் எழுது.

பிச்சையா


திருப்பூர்
02.11.2024

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதம். தீபாவளி ஆர்டர் முடியவே நேரம் சரியாக இருந்தது. பண்டிகைக்குப் புதுத் துணி அனுப்பியிருந்தேன், சட்டை அளவு சரியா? இங்கே வெடிச் சத்தம் தாங்கவில்லை. எப்போதும் போல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன். ப்ரியா கோபித்துக்கொண்டு பேசவில்லை.

நீ கேட்டதற்கு எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. சின்ன வயசு. பழைய ஃபைலைக் கிளறி என்ன ஆகப்போகிறது, தம்பி? அந்த விழாவுக்கே போகாதே. அவர்கள் முன்னால் போய் ஏன் நிற்க வேண்டும்? உனக்கு ரோஷம் இல்லையா?

அக்கா


கோவில்பட்டி
10.11.2024

அக்காவுக்கு,

சுகம். சட்டை சரியாக இருக்கிறது.

ரோஷம் பற்றிக் கேட்டாய். சொல்கிறேன். போன வாரம் ரயிலில் ஒருவர் மிட்டாய் வாங்கினார். பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி பேரு என்ன?"

"பிச்சையா."

கையில் ஐந்து ரூபாய் வைத்தார். மிட்டாய்க்குத் தனியாகக் கொடுத்திருந்தார்.

"அண்ணாச்சி, அது என் பேரு" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி, வச்சுக்கோ."

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நாளைக்கு அந்தப் பெட்டியில் ஏற முடியாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிவிட்டு நாற்பத்திரண்டு பேரையும் தரையில் இறக்கி ஒவ்வொருவராகத் தடவினேன். பல், கொம்பு, முள், நகம். இவர்களைக் கண்டால் கண் உள்ளவன் முகம் சுளிப்பான், பிள்ளைகள் பயப்படும். என்னைக் கண்டாலும் அப்படித்தான், முகத்தின் தீத்தழும்பை நான் பார்த்ததில்லை, ஆனால் ரயிலில் என் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருப்பது தெரியும். அதனால்தான் பூதங்களைச் சேர்க்கிறேன். காரும் ரயிலும் எனக்கு எதற்கு?

அந்த விழாவில் ஐந்நூறு பேர் என் பக்கத்தில் வருவார்கள். பிச்சைக்கு இல்லை, பார்க்க. யார் வீட்டு வாசலாக இருந்தால் என்ன? போவேன்.

ஞாபகம் இல்லை என்கிறாய். அன்றைக்கு நான் போட்டிருந்த டவுசர் நிறம் வரைக்கும் அம்மாவிடம் நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீலம். என்னிடம் மட்டும் உனக்கு மறதி. வா. வந்து ஒன்றாம் எண் அட்டையை உன் கையால் எழுது. இல்லாவிட்டால் கடிதத்திலாவது எழுது.

பிச்சையா


திருப்பூர்
29.11.2024

என் தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிற அக்கா எழுதுவது. எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை. மழைக்கு ப்ரியாவுக்குச் சளி.

ரயிலில் நடந்ததைப் படித்துவிட்டுச் சாப்பிட முடியவில்லை. மச்சான் ஏன் என்று கேட்டார். தலைவலி என்றேன்.

மூத்தவனைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் இன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் பிரெயில் பலகையை எடுத்தேன்.

மேலே மூன்று வரி அழித்திருக்கிறேன், கண்டுகொள்ளாதே. புள்ளிகள் தப்பாக விழுந்துவிட்டன. தாளைத் திருப்பி நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை. அப்பா வாங்கிக் கொடுத்தது என்றே அட்டையில் போட்டுக்கொள். போதும்.

கோபப்படாதே. எனக்கு உன்னை விட்டால் பிறந்த வீடு ஏது?

அக்கா


திருப்பூர்
04.01.2025

பாசமுள்ள தம்பி,

சுகமா? என் கடிதம் கிடைத்ததா? ஐந்து வாரம் ஆகிறது. போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பக்கத்து வீட்டு டீச்சர் நம்பர் என்னிடம் இல்லை. பொங்கலுக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அதில் ஒரு பொம்மை இருக்கிறது. ஒரு கால் இல்லை. ஒட்டவில்லை. நீ சொன்ன மாதிரி அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வரி போடு.

அக்கா


திருப்பூர்
26.01.2025

தம்பி,

பார்சல் வாங்கியதாகத் தபால்காரர் கையெழுத்து வாங்கியிருக்கிறார் என்று இங்கே சொன்னார்கள். அப்படியென்றால் நீ இருக்கிறாய். அது போதும். சாப்பிடு. வெயில் வருகிறது.

அக்கா


கோவில்பட்டி
16.02.2025

அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒற்றைக்காலன் வந்து சேர்ந்தான். நல்ல சாமான்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீ பிரெயிலைக் கண்ணால் படிக்கிறவள். புள்ளி தட்டையாகிவிட்டால் உனக்கு அது அழிந்துபோயிற்று. விரலுக்கு அப்படி இல்லை. அழுத்தின புள்ளியின் விளிம்பு தாளில் நிற்கும். பொம்மையின் பாதத்தில் தேய்ந்துபோன ஊர்ப்பேரைப் படிக்கிறவனுக்கு உன் நகம் தேய்த்தது ஒரு பொருட்டா? நவம்பர் கடிதம் வந்த அன்றைக்கே படித்துவிட்டேன்.

"லேபர் ஆபீசரிடம் வெடி என்று சொன்னது நான்தான். முதலாளி சொல்லச் சொன்னார், அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார், பிள்ளை பொய் சொல்லாது என்று ஆபீசர் என்னைத்தான் கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் முதலாளி காரில் இருந்து அந்தப் பொம்மையை எடுத்து என் கையில் கொடுத்தார்."

இவ்வளவுதான் அந்த மூன்று வரி. இரண்டரை மாதம் உன்னை வெறுத்தேன். மறைக்க மாட்டேன். நீ அனுப்பிய எல்லாப் பொம்மையையும் சாக்கில் கட்டி, கயத்தாறு கொண்டுபோய் அரைக்கப் போட்டுவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். நாய் என்று எழுதினேன் அல்லவா, அதை எடுக்க முடியாது. அதையும் அழித்தால் விரல் படிக்கும்.

வெள்ளிக்கிழமை விழா. போனேன். மூத்தவனையும் கொண்டுபோனேன். ஒன்றாம் எண் அட்டையில் டீச்சரிடம் இப்படி எழுதச் சொன்னேன்: "1998. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி கொடுத்தது. இரண்டு கண்ணுக்குப் பதிலாக." டீச்சர் எழுதினார். "நல்லா பெருசா எழுதியிருக்கேன், பிச்சையா" என்றார்.

மேசையில் நாற்பத்து மூன்று பேரையும் நானே வரிசையாக நிறுத்தினேன். பிள்ளைகள் கூட்டம். "ஐயே, இது மூஞ்சியப் பாரேன்", "ஏலே தொடாத, கடிச்சிரும்", "உன்ன மாதிரியே இருக்குல." எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா, பொய் சொல்லவில்லை. என் மேசைக்கு ஒரு பெண்பிள்ளையைப் போட்டிருந்தார்கள், அட்டைகளைப் படித்துச் சொல்ல. அது முதல் அட்டையைப் படித்தது.

"ஒன்று. அன்பளிப்பு."

"அவ்வளவுதானா எழுதியிருக்கு?"

"ஆமா அங்கிள்."

"நான் எழுதிக் கொண்டாந்தது வேறல்லா, பாப்பா."

அது என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னது. "மிஸ் வேற அட்டை வச்சுட்டாவ. யாரு கேட்டாலும் முதல்லருந்தே இதுதான் இருந்துச்சுன்னு சொல்லச் சொன்னாவ. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க அங்கிள்."

அதன் மூச்சு என் கன்னத்தில் பட்டது. பயந்த மூச்சு.

"என்ன படிக்க?"

"ஆறாவது."

நான் மூத்தவனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் மேடை. சால்வை போட்டவர் என் இரண்டு கையையும் பிடித்து அவரே கும்பிட வைத்தார். மணிகண்டபிரபு மூத்தவனை வாங்கிப் பார்த்துவிட்டு மைக்கில் சொன்னான்.

"ஏ, இதப் பாருங்க! சின்னப் பிள்ளையில எங்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. அப்பா சிங்கப்பூர்லருந்து வாங்கிட்டு வந்தது. நான் எந்நேரமும் வாலக் கடிச்சுக்கிட்டே கிடப்பேன், அம்மா அடிப்பாவ. எங்க போச்சுன்னே தெரியல."

கூட்டம் சிரித்தது.

"உங்க அப்பா யாருக்காவது குடுத்திருப்பாவ, சார்" என்றேன்.

"இருக்கும், இருக்கும். அவியளுக்கு இளகின மனசுல்லா. யாரு அழுதாலும் கையில கிடைச்சத எடுத்துக் குடுத்துருவாவ."

கைதட்டினார்கள் அக்கா. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

"வாலத் தடவிப் பாருங்க சார்" என்றேன். அவன் விரலைப் பிடித்து நானே வைத்தேன். அவன் பல் பட்ட இடத்தின் மேல் அவன் விரல் போனது, வந்தது. "நல்ல பொருள்" என்றான். அடுத்து நடனம் என்று அறிவித்தார்கள். ஒருவர் என் தோளைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டார். மொத்தம் நான்கு நிமிஷம்.

எனக்குக் கத்தத் தெரியாமல் இல்லை. மைக் அவன் கையில் இருந்தது. கத்தியிருந்தால் மறுநாள் அந்தப் பிள்ளையைத்தான் நிறுத்திக் கேட்பார்கள்.

மூத்தவனை அவன் மேசையிலேயே விட்டுவிட்டு வரலாம் என்றுதான் நினைத்துப் போனேன். விடவில்லை. எதற்கு விட வேண்டும்? அது நம்முடையது. விலை கொடுத்தாகிவிட்டது.

இதற்குக் கீழே நானும் ஒரு வரி எழுதி நகத்தால் தேய்த்திருக்கிறேன். கண்ணால் பார்த்தால் ஒன்றும் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் படி. அவசரம் இல்லை.

பிச்சையா


திருப்பூர்
02.03.2025

என் பிச்சையாவுக்கு,

நான் நலம் என்று எழுதப் புள்ளி குத்தும் ஊசி போகவில்லை. இந்தப் பன்னிரண்டு நாளாக நான் எப்படி இருந்தேன் என்று நேரில் சொல்கிறேன். நீ நலமா?

உன் கடிதத்தைக் கண்ணால் ஒரு தடவை படித்தேன். அந்தக் கடைசி வரி வெறும் தாளாக இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். செக்கிங்கில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண், ஒன்றும் தெரியவில்லை. சரி என்று கண்ணை மூடினேன். முதல் நாள் விரலுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. தாள், தாள், தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் உட்கார்ந்து தடவினேன். பக்கத்து மிஷின்காரி "என்னக்கா, ஜோசியமா?" என்று கேட்டாள். வீட்டில் ப்ரியா கேட்டாள், "ஏம்மா கண்ண மூடிக்கிட்டு வெறும் பேப்பரத் தடவுற?" மாமா எழுதியிருக்கிறான் என்றேன். நம்பவில்லை.

நான்காம் நாள் ஒரு விளிம்பு தட்டியது. ஒரு எழுத்து. ஆறாம் நாள் ஒரு சொல். நீ என்னைத் திட்டியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகப் போனேன். திட்டு என்றால் அதையும் முழுதாக வாங்கிக்கொள்வோம் என்றுதான் இருந்தேன். நேற்றுதான் முடித்தேன்.

"அப்போது நீ ப்ரியா வயசு."

இன்று ஞாயிற்றுக்கிழமை. ப்ரியா எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். எழுதுவதை விட்டுவிட்டுப் பென்சில் முனையைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். இந்த வயசா நான்? இவ்வளவு சின்னதாகவா இருந்தேன்? இருபத்தாறு வருஷமாக நான் ஒரு பெரிய பொம்பளையைத்தான் அந்த ஆபீசர் முன்னால் நிறுத்தி வைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பள்ளிக்கூடம் மாற்றின அட்டையை நீ தேட வேண்டாம். வெள்ளை அட்டை ஒன்று வாங்கி வை. யாரோ சொல்லச் சொன்னபடி இல்லை, நடந்தபடி நான் எழுதுகிறேன். முதலாளி பேர், ஆபீஸ் பேர், அப்பா பேர், என் பேர். ஃபைல் நகலையும் எடுத்து வை. அந்த ஒரு வரியைச் சொன்னது நான் என்று எங்கே எழுதிக் கொடுக்க வேண்டுமோ அங்கே எழுதிக் கொடுக்கிறேன். யாரும் கைதட்ட மாட்டார்கள். பரவாயில்லை.

வெள்ளிக்கிழமை வண்டியில் ஏறுகிறோம். நானும் ப்ரியாவும். சனிக்கிழமை விடிந்ததும் கோவில்பட்டி. முன்பு வரும்போதெல்லாம் எதையாவது காரணம் சொல்லி, ஸ்டேஷனுக்கு வராதே, கூட்டத்தில் இடித்துவிடுவார்கள் என்று சொல்வேன். இந்தத் தடவை வா. மூத்தவனைக் கையில் வைத்துக்கொண்டு நில்.

அக்கா,
வெயிலுகந்தம்மாள்